ஆளுக்கு முன்னால் வந்த பேனர்

நான் ஆய்வாளராக இருந்த காவல் நிலையத்துக்கு ஒருமுறை குற்றவாளிக்கு முன்னால் பேனர் வந்து சேர்ந்தது. தோளில் புது நட்சத்திரங்களோடு எந்த நிலையம் கிடைக்கும் என்று காத்திருக்கும் உங்களுக்கு இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். முதல் தகவல் அறிக்கை எழுதுவது, மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்குவது, ரிமாண்டு அறிக்கையில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க மாட்டேன்.

நான் இப்போது சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர் நடைப்பயிற்சிக்கு வருகிறார் என்று தெரிந்தால் கூட நடப்பவர்கள் தெருநாயில் தொடங்கி மருமகள் வரை எல்லாப் புகாரையும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். "ஸ்டேஷன்ல போய்க் கொடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கூட்டுகிறேன். முப்பத்து சொச்சம் வருஷம் சொல்ல முடியாமல் இருந்த வாக்கியம் அது.

முதலில் வெகுமதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் துறையில் நல்ல வேலைக்குப் பணவெகுமதி உண்டு; விதிமுறையில் இருக்கிறது, தவறில்லை. ஆனால் அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை நீங்கள் நேரில் பார்க்கும்போது அதிர்ச்சி அடையக் கூடாது. நான் உதவி ஆய்வாளராக இருந்தபோது, குரோம்பேட்டைப் பக்கம் செயின் பறித்துக்கொண்டு ஓடியவனை ஒரு காவலர் தண்டவாளத்தோரம் துரத்திப் பிடித்தார். முழங்கால் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. வெகுமதிப் பட்டியல் தயாரானபோது மேலிருந்து கீழே ஒரு கிரிக்கெட் அணிக்குத் தேவையான பெயர்கள் இருந்தன. ஓடியவர் பெயர் கடைசியில், எழுத்துப் பிழையோடு. அவருக்கு வந்த தொகை முழங்காலுக்குப் போட்ட கட்டுக்குப் போதுமா என்று கேட்டேன். "ஒரு முட்டிக்குப் போதும் மேடம்" என்றார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வெகுமதிக்கு ஆசைப்படுகிறவர்கள் பேராசைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என்னிடம் குற்றப்பிரிவைப் பார்த்துக்கொண்ட சிறப்பு உதவி ஆய்வாளர் ஏழுமலை ஆசைக்காரர் இல்லை. நல்ல அகலமான மனிதர். ஜீப்பின் முன் இருக்கையில் அவர் உட்கார்ந்தால் கியர் போடுகிறவர் அனுமதி கேட்க வேண்டும். திருடனைத் தேடி அலைவதற்கு பெட்ரோல், தகவல் சொல்கிறவனுக்கு பிரியாணி, வெளியூர் போனால் லாட்ஜ், எல்லாம் அவர் கைக்காசுதான். அரசாங்கத்திடம் கேட்டு வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கேட்டு வாங்கியவர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. ஆகவே வெகுமதிதான் அவருக்கு அந்தச் செலவு திரும்பி வரும் ஒரே வழி.

அந்த மாதம் அவர் பெரிய வேலை ஒன்றை முடித்திருந்தார். ரயில் நிலைய வண்டி நிறுத்துமிடங்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் பைக் திருடிக்கொண்டிருந்த நான்கு பேரைப் பிடித்துவிட்டார். கோவிலம்பாக்கத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் கடை என்று போர்டு மாட்டிய ஒரு கொட்டகைதான் அவர்கள் இடம். திருடிய வண்டிக்கு, அதே கம்பெனி, அதே நிறத்தில் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டியின் எண்ணைப் போட்டு விற்றுவிடுவார்கள். சாலையில் நிறுத்தி எண்ணை மெஷினில் தட்டிப் பார்த்தால் சந்தேகமே வராது. கெட்டிக்காரர்கள். ஏழுமலை அவர்களைவிடக் கெட்டிக்காரர்.

மேலிடத்தில் மகிழ்ச்சி. பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு மீட்ட வண்டிகளைக் காட்ட வேண்டும், சுதந்திர தின மேடையில் குழுவுக்குப் பணவெகுமதியும் சான்றிதழும் தரப்படும் என்று உதவி ஆணையர் சொல்லிவிட்டார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: "கும்பல்னா மேடை. சாதா திருட்டுன்னா மேடை கிடையாது." எத்தனை பேர் சேர்ந்தால் கும்பல் என்று அவர் சொல்லவில்லை. நம் வழக்கத்தில் நான்கு பேர் என்றால் திருடர்கள், ஐந்து பேர் என்றால் கும்பல். சட்டத்தில் திருட்டுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. தலைப்புச் செய்தியில் உண்டு.

பத்திரிகையாளர் சந்திப்பு நாளன்று காலை நிலையத்துக்கு வந்தபோது வாசலில் வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் எண் எழுதிய அட்டை. பின்னால் வியாபாரிகள் சங்கத்தின் உபயத்தில் பளபளவென்று பேனர்: "இருசக்கர வாகனத் திருட்டுக் கும்பல் 5 பேர் கைது." அந்த ஐந்து என்ற எண் மட்டும் சிவப்பில், என் தலையளவு.

"அம்மா, பேனர் எப்டி கீது?" என்றார் ஏழுமலை.

"நல்லாத்தான் இருக்கு. உள்ளே நாலு பேர்தானே உட்கார்ந்திருக்காங்க?"

"அஞ்சாவது ஆள் வந்துகினே கீறான்மா. பெரும்பாக்கத்துல தூக்கிட்டாங்க. ஜீப்பு மேடவாக்கம் தாண்டிருச்சு."

"பேனருக்கு எப்ப ஆர்டர் கொடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"அந்த ஆளை எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல." அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. "அவனுங்க வித்த வண்டில ஒண்ணு பாக்கி இருந்துச்சேம்மா. வண்டின்னு ஒண்ணு இருந்தா அத்த ஓட்ட ஒருத்தன் இருப்பான்ல?"

நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வண்டியோடு ஓர் ஆள் இருப்பான் என்பது சரியான துப்பறிதல். அந்த ஆள் குற்றவாளியாகத்தான் இருப்பான் என்று அதற்கு முதல்நாளே அச்சடித்துவிட்டோம்.

ஜீப்பிலிருந்து இறங்கியவன் டேனியல். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியின் டீ-ஷர்ட் போட்டிருந்தான். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அவன் வீட்டு வாசலில் நின்ற வண்டியைக் காவலர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் காலியாக வைத்திருந்த இடத்தில் நிறுத்தினார். அட்டை தயாராக இருந்தது.

என் அறைக்குள் வரச்சொன்னேன்.

"வண்டி யாருது?"

"என்னோடது மேடம். காசு கொடுத்து வாங்கினேன்."

"ஆர்.சி. புக்?"

"அடுத்த வாரம் பேர் மாத்தித் தரேன்னான். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுத்துக்கினே இருந்தான். நான் இன்னா மேடம் பண்றது? நாலு தபா போய் சண்டை போட்டேன்."

"புக் இல்லாம வண்டி வாங்கலாமா?"

"வாங்கக் கூடாது." சட்டென்று ஒப்புக்கொண்டான். "ஆனா ஷோரூம்ல புதுசு எடுக்க எங்கிட்ட வழி இல்ல மேடம். கடைன்னு போர்டு வச்சிருந்தான், நம்பிட்டேன்."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த இடத்தில் அவன் நிரபராதி என்று எனக்குத் தெரியாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றம். தெரியாமல் வாங்கினால் குற்றமில்லை, அவன் சாட்சி. குறைந்த விலை, புத்தகம் இல்லை, கொட்டகைக் கடை. நினைக்கக் காரணம் இருந்ததா என்றால், இருந்தது என்று எந்த அரசு வழக்கறிஞரும் வாதாடலாம். பிடிபட்ட எல்லோரும் "தெரியாது மேடம்" என்றுதான் சொல்வார்கள். அதில் பாதிப் பேர் உண்மை சொல்கிறார்கள் என்பதுதான் நம் தொழிலின் தொல்லை.

அப்போது வாசலில் சத்தம். டேனியலின் அம்மா ஸ்டெல்லா. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்த நீல உடையிலேயே வந்திருந்தார். கையில் ஒரு பாலிதீன் உறை. அதற்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஹேங்கரோடு.

"யம்மா, நீதான் பெரிய ஆபீசரா? எம்புள்ள இன்னா பண்ணான்? காலைல பல்லு வெளக்கிகினு இருந்தவன இஸ்துகினு வந்துட்டாங்க."

"உட்காருங்க. விசாரிச்சிட்டு இருக்கோம். அது என்ன சட்டை?"

"தோ, அந்த போலீசு தம்பிதான் போன்ல சொல்லிச்சு. கம்பெனி டீ-ஷர்ட்டு வாணாம், நல்ல சட்டையா எட்தாந்து குடு, போட்டோ புடிக்கணும்னு. அவன்கிட்ட நல்ல சட்டை இது ஒண்ணுதாம்மா. சர்டிபிகேட் பாக்க கூப்புடுவாங்கன்னு இஸ்திரி போட்டு வச்சிருந்தேன்."

"என்ன சர்டிபிகேட்?"

"ஃபயர் சர்வீசும்மா. பாஸ் பண்ட்டான். ஓடுறது, கயிறு ஏர்றது எல்லாம் பாஸ். இன்னும் போலீசு வெரிபிகேசன்தான் பாக்கின்னான்." சட்டென்று அவர் குரல் இறங்கியது. "எதுக்கும்மா போட்டோ?"

எங்கள் ஆள் ஒருவர், தனியார் கம்பெனியின் பெயர் படத்தில் விழுந்தால் அவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று முன்யோசனையோடு அந்தப் போன் போட்டிருக்கிறார். முன்யோசனைக்கு எங்களிடம் குறைவே இருந்ததில்லை. அந்தத் தாய் தன் மகனைத் திருடர்கள் வரிசையில் நிறுத்துவதற்கான சட்டையைத் தன் கையாலேயே கசங்காமல் கொண்டுவந்திருக்கிறார்.

சீருடைப் பணிக்குத் தேர்வாகிறவன் மீது வழக்கு நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அந்தச் சரிபார்ப்பைத் தாண்டி வந்தவர்கள்தான். கைது கூட வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் பெயர் ஏறினால் போதும். வழக்கு முடிந்து விடுதலையாகும்போது அவனுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அப்புறம் ஆயுள் முழுக்க அடுத்தவன் பிரியாணியைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

ஏழுமலையைத் தனியே கூப்பிட்டேன்.

"இவனை சாட்சியாப் போட்டா என்ன?"

"போடலாம்மா." தலையைச் சொறிந்தார். "ஆனா கும்பல் இல்லன்னா மேடை கிடையாதுன்னு ஐயா சொல்லிட்டாரே. பசங்க மூணு பேரு என்கூட ஒரு மாசமா சுத்தியிருக்கானுங்க. எனக்குக்கூட வாணாம்மா. ஒருத்தன் பொண்டாட்டி நகைய வச்சுத்தான் பெட்ரோல் போட்டான்."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நிஜமாவே நினைக்கிறீங்களா?"

"அவ்ளோ சீப்பா குட்தா தெரியாதாம்மா?" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் வாங்கிய காசுதான் போலீஸ்காரன் கண்ணை மறைக்கும் என்று ஊரில் பேசுவார்கள். இன்னும் வராத காசும் மறைக்கும். அதுவும், நியாயமாக வர வேண்டிய காசு என்றால் இன்னும் நன்றாக மறைக்கும். ஏழுமலை என்ற அருமையான துப்பறிவாளர் அன்று காலை அந்த இளைஞனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

உதவி ஆணையர் கிளம்பிவிட்டதாக வயர்லெஸ்ஸில் வந்தது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை நான் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக வாழ்த்தியது அன்றுதான்.

அந்த நேரத்தில் போக்குவரத்துப் பிரிவு சிறப்பு உதவி ஆய்வாளர் குமரேசன் உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர்களின் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று கேட்க வந்தவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டேனியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! வக்கீல் சார்! வாங்க வாங்க. இன்னா, கடைசியா எங்க வூட்டுக்கே வந்துட்டீங்க?"

டேனியல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்களுக்கு இவனைத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமாவா? பேஜார் புட்ச்ச ஆளு மேடம் இவன். மேடவாக்கம் கூட்ரோட்டுல நிக்க வச்சேன். பின்னாடி அவங்கம்மா, ஹெல்மெட் இல்ல. அன்னிக்கு எனக்குக் கேஸ் கணக்கு கொறைவா இருந்துச்சு, வயர்லெஸ் மைக்ல திட்டிக்கினு இருந்தாங்க. சரி, ஒரு ஃபைன் போட்டு அனுப்பலாம்னு பாத்தா, இவன் போவவே மாட்டேன்றான்."

"என்ன பண்ணினான்?"

"சட்டம் பேசுறான் மேடம்! 'முன்னாடி போன காருக்கு ஏன் கை காட்டல, உங்க மெஷின்ல டைம் தப்பா காட்டுது, உங்க பேர் பலகைய ஏன் சட்டையில மறைச்சு குத்தியிருக்கீங்க.' வெயில்ல என் பிராணனை வாங்கிட்டான். மெஷின்ல ஓனர் பேரு வேற யாரோன்னு வருதுடான்னேன். 'ஆமா, இன்னும் மாத்தித் தரல, நீங்களே அந்தக் கடைக்காரன கேளுங்க சார், அட்ரஸ் தரேன்'னு என்னையே வேலை வாங்கப் பாத்தான். ஃபைனையும் கட்டிட்டு மறுநாள் பெட்டிஷன் வேற. பெரிய ஆபீஸ் வரைக்கும் போய், எனக்கு மெமோவா வந்துச்சு மேடம். பதில் எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிப்போச்சு." அவன் பக்கம் திரும்பினார். "நல்லா மாட்டினியா ராஜா? இப்ப இன்னா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல. மெஷின்ல டைம் தப்புதான்" என்றான் டேனியல்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். குமரேசனுக்கு அவர் என்ன சொல்லிவிட்டார் என்று தெரியவில்லை. பழைய மெமோவின் எரிச்சலில் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பழி தீர்ந்திருக்கும்.

ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன் ஏழுமலை நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுவது சாதாரண விஷயமில்லை.

"குமரேசா, வண்டிய உட்டுட்டு ஓடலையா இவன்?"

"எங்க ஓடுறது? போன்னு சொன்னாலும் போவல."

"சாவிய கைல வச்சிக்கினு நின்னானா?"

"ஆட்டிக்கினு நின்னான்."

ஏழுமலை அப்போதுதான் டேனியலை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷம் திருடர்களைப் பார்த்தவர் அவர். திருட்டு வண்டியில் போகிறவன் போக்குவரத்துப் போலீசைக் கண்டால் சந்தில் நுழைவான், மாட்டினால் கேட்ட காசைக் கட்டிவிட்டுப் பறப்பான். எந்தத் திருடனும் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போலீஸ்காரரின் பேர் பலகையைப் படிக்க மாட்டான். எந்தத் திருடனும் அந்த வண்டி எண்ணை எழுதிப் போலீசுக்கே மனுப் போட மாட்டான்.

"அம்மா," என்றார் என்னைப் பார்த்து, இந்தத் தடவை நேராக. "இவன் சாட்சிம்மா."

"மேடை?"

"மேடைல ஏறுனா எனக்கு மூச்சு வாங்கும்மா."

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் உத்தரவு போட்டு அவனை விட்டிருந்தால் ஏழுமலையின் குழு என்னை ஆறு மாதம் மன்னித்திருக்காது. உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதால் அது அவருடைய வெற்றியாகிவிட்டது. ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: கீழே வேலை செய்கிறவரிடம் "தப்பு பண்றீங்க" என்று சொல்வதற்கு முன், அவரே கேட்கட்டும் என்று கொஞ்சம் இடம் விடுங்கள். எனக்கு அன்று அந்த இடத்தை விட்டது என் பொறுமை அல்ல, ஜி.எஸ்.டி. சாலை. இருந்தாலும் சொல்கிறேன்.

உதவி ஆணையர் வந்தார். நல்ல மனிதர், அவருக்கும் மேலே ஒருவர் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நாலு பேர் இருக்கான். அஞ்சாவது ஆள் எங்கே மேடம்?"

"சாட்சி, ஐயா."

"பேனர்ல அஞ்சுன்னு இருக்கே?"

"பேனர் தப்பு, ஐயா."

"இப்ப எப்படி மேடம் பேனரை மாத்தறது? பிரஸ் வந்தாச்சு." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளையே சேர்த்துடுங்களேன். அப்புறம் பார்த்துக்கலாம்."

தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. துணியை மாற்றுவது கஷ்டம், ஆளை மாற்றுவது சுலபம். அவசரத்தில் எல்லோர் வாயிலும் இப்படித்தான் வரும். நாளை உங்கள் வாயிலும் வரும்.

நான் சட்டத்தைச் சொன்னேன். தெரிந்து வாங்கியதற்கு ஆதாரமில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் நம் போக்குவரத்து ஆளையே கூண்டில் ஏற்றுவார் என்றேன். கேட்டுக்கொண்டார், அசையவில்லை. அந்தப் பையனின் தீயணைப்பு வேலையைச் சொன்னேன். "பாவம்தான்" என்றார், அசையவில்லை. பிறகு சொன்னேன்:

"இன்னொண்ணு ஐயா. இவன் பெட்டிஷன் போடற ஆளு."

அவர் கழுத்து திரும்பியது. "யார் மேல போட்டான்?"

"ஒரு ஹெல்மெட் ஃபைனுக்கு குமரேசன் மேல. பெரிய ஆபீஸ் வரைக்கும் போய் வந்திருக்கு. பேர் பலகையைப் படிச்சு, பேர் போட்டு எழுதறான் ஐயா."

உதவி ஆணையரின் கை தன்னையறியாமல் சட்டையில் இருந்த பேர் பலகைக்குப் போனது.

"சாட்சின்னா சாட்சிதான்" என்றார். "அதுதானே முறை?"

"அதுதான் முறை, ஐயா."

நியாயம், இரக்கம் இரண்டும் நுழைய முடியாத இடத்தில் மெமோ சுலபமாக நுழையும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் பிழைப்பு தொங்கும்போது எந்தச் சாவி திறக்கிறதோ அதைப் போட்டுத் திறக்க வேண்டியதுதான்.

மிச்சமிருந்தது பேனர். மடிக்க முடியுமா என்று பார்த்தோம். எண் நட்டநடுவில் இருந்தது. வெள்ளைத் தாள் ஒட்டினால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஏழுமலைதான் வழி சொன்னார்.

"நான் முன்னால நின்னுக்கறேன் ஐயா. அகலம் போதும்."

போதுமாகத்தான் இருந்தது. உதவி ஆணையர் பேசிய நேரம் முழுவதும் ஏழுமலை அசையாமல் நின்றார். ஒரு நிருபருக்கு மட்டும் சந்தேகம். "சார், நாலு பேரா, அஞ்சு பேரா?" என்று எட்டிப் பார்த்தார். அவர் இடப்பக்கம் சாய, ஏழுமலையும் இடப்பக்கம் சாய்ந்தார். அவர் வலப்பக்கம் போக, இவரும் போனார். மறுநாள் வந்த படத்தில் உதவி ஆணையர் ஓரத்திலும், கைகட்டிய ஏழுமலை நடுவில் கோபுரம் மாதிரியும் இருந்தார். மேடை கிடைக்கவில்லை, படத்தின் நடுவிடம் கிடைத்தது. அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். என் சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டால் தேடிப் பார்க்க வேண்டும்.

டேனியலின் வாக்குமூலத்தைச் சாட்சியாகப் பதிவு செய்தோம். வண்டி போய்விட்டது, அது உண்மையான சொந்தக்காரருக்குச் சேர வேண்டியது. அவனுக்கு அதில் வருத்தம் இருந்தது, இருக்கத்தான் செய்யும். ஸ்டெல்லா பாலிதீன் உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். "நல்ல வேளை, சட்டை கசங்கல" என்றார் மகனிடம். குமரேசன் தன் ஸ்கூட்டரில் அவர்களை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடவா என்று கேட்டார். "மூணு பேர் போனா ஃபைன் சார்" என்றான் டேனியல்.

ஏழுமலை குழுவின் செலவுக்கு வருவோம். அன்று மாலையே உட்கார்ந்து, புலன்விசாரணைச் செலவு என்று விதிப்படி கேட்டு எழுதினேன். என் பணிக்காலம் முழுக்க அந்த விதியைப் பாடம் போல ஒப்பித்தவள், பயன்படுத்தியது அப்போதுதான். மூன்று முறை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. தகவல் சொன்னவருக்கு வாங்கிய பிரியாணிக்கு ஜி.எஸ்.டி. ரசீது எங்கே என்றுகூட ஒருவர் கேட்டார். மூன்று முறையும் பதில் எழுதினேன். நான் ஓய்வு பெற்ற பிறகு பணம் வந்தது. வந்தது என்பதுதான் செய்தி. அந்தக் காவலர் மனைவியின் நகை மீண்டது என்று ஏழுமலை போன் செய்தார். உங்கள் ஆட்களின் செலவைக் கேட்டு எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பெட்ரோல் காசு மேசை வழியாக வந்துவிட்டால், அதை யாருடைய தலையிலிருந்தும் எடுக்க வேண்டியதில்லை.

சில மாதம் கழித்து டேனியலின் சரிபார்ப்பு வந்தபோது, அவன் வீட்டுப் பகுதி நிலையத்திலிருந்து ஒருவர் என்னை அழைத்தார்.

"மேடம், உங்க கேஸ் ஒண்ணுல இவன் பேர் வருதே?"

"சாட்சியா வருது. சாட்சி சொல்றது குத்தம்னு புதுச் சட்டத்துல ஏதாவது மாத்திட்டாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப எழுதுங்க, தடை ஏதும் இல்லைன்னு."

எழுதினார்.

போன மாதம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. டேனியல். தீயணைப்புப் பயிற்சி முடித்து, ஒரு நிலையத்தில் சேர்ந்துவிட்டான். சத்தமாகப் பேசினான், பின்னால் யாரோ குழாயைச் சுருட்டும்போது எண்ணி எண்ணிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா நன்றாக இருக்கிறார், கம்பெனியில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். ஜாயின் பண்ணிய அன்று அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனானாம்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன். நிஜமாகவே நடையை நிறுத்திவிட்டேன்.

"மேடம், இன்னொரு விஷயம்."

"சொல்லு."

"அந்த ஹெல்மெட் ஃபைனுக்குப் போட்ட பெட்டிஷன். இன்னும் எனக்குப் பதிலே வரல."

நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்து முடிக்கும்வரை அவன் பொறுமையாக லைனில் இருந்தான்.

"நினைவூட்டல் மனு போடு" என்றேன். "நகல் எனக்கு அனுப்பு."